லேடில் லைனிங் சிமுலேஷன்: தகைவு 1,100 மெகாபாஸ்கல் வருகிறது, எங்கே இடிக்கிறது?

முத்து_மெக்

அனைவருக்கும் வணக்கம். எம்.இ. இறுதியாண்டு புராஜெக்ட். 150 டன் எஃகு லேடில் (உருகிய எஃகை ஏந்தும் பாத்திரம்) ஒன்றின் லைனிங்கில் (உட்பக்கச் செங்கல் அடுக்கில்) வரும் வெப்பத் தகைவைக் (ஸ்ட்ரெஸ்) கணக்கிட வேண்டும். அச்சுச் சமச்சீர் மாடல், அதாவது ஒரு குறுக்கு வெட்டை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் முழு லேடில். உள் ஆரம் 1.5 மீட்டர். ஒர்க்கிங் லைனிங் 150 மி.மீ. மேக்னீசியா-கார்பன் செங்கல், அதன் பின்னால் 100 மி.மீ. உயர் அலுமினா சேஃப்டி லைனிங், 20 மி.மீ. இன்சுலேஷன் போர்டு, கடைசியில் 30 மி.மீ. ஷெல் (வெளி எஃகு ஓடு). எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டேன். உள் முகத்துக்கு 1,550 டிகிரி கொடுத்தேன். செங்கலின் யங் குணகம் (விறைப்பின் அளவு) 50 ஜிகாபாஸ்கல், விரிவுக் குணகம் டிகிரிக்கு மில்லியனில் 12 பங்கு. இரண்டும் ஒரு சப்ளையரின் டேட்டா ஷீட்டில் கிடைத்தவை.

உள் முகத்தில் அமுக்கத் தகைவு 1,100 மெகாபாஸ்கல் என்று வருகிறது. அதே டேட்டா ஷீட்டில் செங்கலின் நொறுங்கு வலிமை 40 என்றுதான் போட்டிருக்கிறது. மெஷ்ஷை (மாடலைப் பிரிக்கும் சிறு கட்டங்களை) நுணுக்கினாலும் எண் அசையவில்லை. கைடு "மெட்டீரியல் மாடலைப் பார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

மெஷ்_கிறுக்கன்

மெஷ் அசைக்காத எண் என்றால் கையால் போட்டுப் பார்க்கக்கூடிய எண் என்று அர்த்தம். 50,000 × 0.000012 × 1,500 = 900. இரண்டு திசையிலும் தடை இருந்தால் அதை (1 – பாய்சான் விகிதம்) என்பதால் வகுக்க வேண்டும். 0.2 என்று வைத்தால் 1,125. உங்கள் விடை கிட்டத்தட்ட அதுதான். அதாவது செங்கல் இம்மியும் நகர முடியாதபடி முழுத் தடை. ஷெல்லின் வெளிப்புறத்தை முழுக்க ஃபிக்ஸ் பண்ணியிருக்கிறீர்களா?

முத்து_மெக்

ஆமாம் சார். அதை எடுத்துவிட்டால் சால்வர் நிற்காதே?

மெஷ்_கிறுக்கன்

அச்சுச் சமச்சீர் மாடலில் ஆரத் திசைக்கு எந்தத் தடையும் தேவையில்லை, வளையமே தன்னைப் பிடித்துக்கொள்ளும். நிமிர்திசையில் மட்டும் அடியில் ஒரே ஒரு நோடை (மெஷ்ஷின் முடிச்சுப் புள்ளியை) பிடித்தால் போதும். அதைச் செய்துவிட்டு ஷெல்லில் வரும் வளையத் தகைவையும் எடுத்துப் போடுங்கள். செங்கலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான் தெரியும்.

லேடில்_பே

தம்பி, நான் ரிஃப்ராக்டரி (வெப்பம் தாங்கும் செங்கல்) பக்கத்து ஆள். சிமுலேஷன் சாஃப்ட்வேர் எதுவும் தெரியாது, லேடில் தெரியும். மேலே சொன்னதைச் செய்தாலும் எண் ஓரளவு குறையுமே தவிரச் சரியாகாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன்.

செங்கல் வளையத்தின் சராசரி வெப்பநிலை 1,300 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தடையில்லாமல் விட்டால் அது ஏறத்தாழ 1.56 சதவீதம் விரியும். ஷெல் 300 டிகிரியில் இருக்கிறது, அது தானாக விரிவது 0.33 சதவீதம். மீதி 1.23 சதவீதத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 150 மி.மீ. செங்கல் 50 ஜிகாபாஸ்கல், 30 மி.மீ. ஷெல் 200 ஜிகாபாஸ்கல்; விறைப்பு விகிதம் 7.5-க்கு 6. சேஃப்டி லைனிங்கை விட்டுவிட்டுப் பார்த்தாலே ஷெல் தலையில் 0.68 சதவீதம் விழுகிறது, அதாவது 1,300 எம்.பி.ஏ.-க்கு (மெகாபாஸ்கலுக்கு) மேல். ஷெல் தகடு சாதாரண ஸ்ட்ரக்சுரல் எஃகு, 300 டிகிரியில் 200 எம்.பி.ஏ. பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். உங்கள் கணக்கு சரியென்றால் முதல் ஹீட்டிலேயே (எஃகை நிரப்பிக் காலியாக்கும் ஒரு சுற்று) ஷெல் கிழிந்து 150 டன் எஃகு தரையில் ஓடியிருக்கும். எந்த மெல்ட் ஷாப்பிலும் அப்படி நடப்பதில்லை.

இதையே திருப்பிப் போட்டால் ஒரு நல்ல உச்ச வரம்பு கிடைக்கும். ஷெல் தாங்குவது அதிகபட்சம் 200 என்றால், அது செங்கலைத் திருப்பி அமுக்கக்கூடியது சராசரியாக 200 × 30 ÷ 150 = 40 எம்.பி.ஏ. அவ்வளவுதான். அதற்கு மேல் அமுக்க அங்கே எதுவுமே கிடையாது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவார்களே, அதே வேலைதான். இங்கே சூடாவது பட்டை அல்ல, உள்ளே இருக்கும் கட்டை.

முத்து_மெக்

இந்த வரம்புக் கணக்கை ரிப்போர்ட்டில் போட்டுக்கொள்ளலாமா சார்? ஃபிக்ஸ் எடுத்த பிறகு உள் முகத்தில் 780, ஷெல்லில் 1,200-க்கு மேல் வருகிறது. நீங்கள் சொன்ன மாதிரியே.

லேடில்_பே

தாராளமாகப் போடுங்கள். ஆனால் அது தடிமன் முழுவதற்கும் சராசரி. உள் முகத்தில் கூடுதலாக இருக்கும், காரணம் அடுத்து.

லேடில் ஒரே கல் வளையம் இல்லை. உங்கள் ஆரத்துக்கு உட்சுற்றளவு 9.4 மீட்டர். 100 மி.மீ. அகலச் செங்கல் என்றால் ஒரு வரிசைக்கு 94 கல், 94 இணைப்பு. உலர்வாக அடுக்கினால்கூட ஒவ்வொரு இணைப்பிலும் சுமார் 0.3 மி.மீ. இடைவெளி நிற்கும், செங்கல் அச்சில் வரும் அளவுப் பிசகு அது. மொத்தம் 28 மி.மீ. உள் முகம் சுற்றளவில் விரிய நினைப்பது 170 மி.மீ. ஆறில் ஒரு பங்கை இணைப்புகளே விழுங்கிவிடுகின்றன.

அப்புறம், எல்லாச் செங்கலுக்கும் உள் முகம்தான் அதிகம் சூடு. முதலில் முட்டிக்கொள்வது உள் விளிம்பு. பின்பக்கம் இணைப்பு திறந்தே இருக்கும். 150 மி.மீ. தடிமனில் முன்னால் 40, 50 மி.மீ. மட்டும் தொட்டுக்கொண்டு மொத்த விசையையும் தாங்கும் நிலை வரும். விளிம்பு சில்லு சில்லாகப் பெயர்வதற்கு அதுதான் காரணம். அச்சுச் சமச்சீர் மாடலில் நிமிர்ந்த இணைப்பை வரையவே முடியாது, ஆகையால் இந்த விஷயம் உங்கள் படத்தில் எந்தக் காலத்திலும் தெரியாது.

மெஷ்_கிறுக்கன்

இதற்கு நடைமுறையில் இரண்டு வழி உண்டு.

ஒன்று, அரைச் செங்கலை மட்டும் 3டி-யில் எடுத்து, அதன் பின்னால் சேஃப்டி லைனிங்கும் ஷெல்லும் சேர்ந்த மெல்லிய ஆப்பு மாதிரி ஒரு துண்டு. செங்கலின் பக்கத்தில் இணைப்பின் நடுக்கோடு ஒரு சமச்சீர்த் தளம். அங்கே ஒரு விறைப்பான சுவரை வைத்து 0.15 மி.மீ. இடைவெளியோடு கான்டாக்ட் கொடுங்கள். பாதி இணைப்பு என்பதால் பாதி இடைவெளி. ஷெல் தொடர்ச்சியான தகடு, அதன் பக்க முகத்துக்கு இடைவெளி கிடையாது. அபாகஸ், அன்சிஸ் சாஃப்ட்வேர் இரண்டிலும் இது ஓடும், லேப்டாப்பே போதும்.

இரண்டாவது, முழு லேடிலையும் எடுத்து, செங்கலையும் இணைப்பையும் சேர்த்து ஒரே சமானப் பொருளாக மாற்றுவது. பிரான்சில் ஓர்லியான் பல்கலைக்கழகத்தில் இதை நிறையச் செய்திருக்கிறார்கள். கிடை இணைப்பு, நிமிர் இணைப்பு இரண்டுக்கும் திறப்பு, மூடல் என்று வைத்தால் நான்கு நிலை. நிலைக்கு நிலை விறைப்பு மாறும், திசைக்குத் திசையும் மாறும். அருமையான வேலைதான், ஆனால் பயனர் சப்ரூட்டீன் எழுத வேண்டிவரும். எம்.இ. புராஜெக்டுக்கு முதல் வழியே போதும்.

முத்து_மெக்

வெப்பநிலைப் பகுதியிலும் ஒரு விநோதம். நிலையான நிலையை விட்டுவிட்டு டிரான்சியன்ட் (நேரத்தோடு மாறும் கணக்கு) ஓட்டினேன். பிரீஹீட் ஆன (முன்கூட்டியே சூடேற்றிய) லேடிலில் எஃகு விழும் நொடி. உள் முகம் 1,000-லிருந்து 1,550-க்கு ஏறும்போது அதற்கு அடுத்த நோடில் வெப்பநிலை 960-க்கு இறங்குகிறது! சூடேற்றினால் எப்படிக் குளிரும்?

மெஷ்_கிறுக்கன்

குளிரவில்லை. எலிமென்ட் (மெஷ் கட்டம்) பெரிது, டைம் ஸ்டெப் (கணக்கின் நேர இடைவெளி) சிறிது. எலிமென்ட் நீளத்தின் வர்க்கத்தை வெப்பப் பரவற்கெழுவின் ஆறு மடங்கால் வகுத்தால் வருவதைவிடச் சின்ன டைம் ஸ்டெப் கொடுத்தால் இப்படி ஊசலாடும்.

உங்கள் செங்கலுக்குக் கடத்துதிறன் 8, அடர்த்தி 2,950, வெப்ப ஏற்புத்திறன் 1,100 என்று போட்டால் பரவற்கெழு நொடிக்கு ஏறத்தாழ 2.5 சதுர மி.மீ. 20 மி.மீ. எலிமென்ட் என்றால் 27 நொடிக்குக் குறைவாகப் போகக் கூடாது. 3 மி.மீ. என்றால் 0.6 நொடி. எஃகு விழுந்த முதல் நிமிடத்தில் சூடு உள்ளே போகும் ஆழமே 12 மி.மீ. அளவுதான். அதை 20 மி.மீ. எலிமென்டில் பிடிக்கப் பார்த்தால் எப்படி? உள் முகத்தில் 2, 3 மி.மீ. வைத்து வெளியே போகப் போகப் பெரிதாக்குங்கள்.

இதை நான் ஏன் இழுக்கிறேன் என்றால், அந்த முதல் சில நிமிடத்தில்தான் உள் முகத்தில் அமுக்கமும் அதற்குச் சற்றுப் பின்னால் இழுவையும் உச்சத்துக்குப் போகின்றன. செங்கல் இழுவைக்கு ரொம்ப பலவீனம். முகத்துக்கு இணையாகச் சில செ.மீ. உள்ளே விரிசல் விடுவது இங்கிருந்து கிளம்புகிறது.

கதிர்வீச்சையும் ஒருமுறை பாருங்கள். மி.மீ.-டன்-நொடி அலகில் வேலை செய்தால் ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் மாறிலியின் அடுக்கு மைனஸ் 8 இல்லை, மைனஸ் 11. செல்சியஸில் ஓட்டினால் தனிச்சுழி –273.15 என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சரிபார்க்க ஓர் எண்: ஷெல் 300 டிகிரி, வெளிக்காற்று 30, எமிசிவிட்டி (கதிர்வீசுதிறன்) 0.8 என்றால் கதிர்வீச்சில் சதுர மீட்டருக்கு 4.5 கிலோவாட் போக வேண்டும். இயற்கை வெப்பச்சலனத்தில் போவது அதில் பாதிதான்.

தாமிரத்தகடு

குறுக்கே வருகிறேன். நான் கன்டினியூவஸ் காஸ்டிங் மோல்டு (எஃகைத் தொடர்ந்து வார்க்கும் அச்சு) பக்கம். எங்கள் தாமிரத் தகட்டில் இந்தத் தலைவலி எல்லாம் இல்லை. மெனிஸ்கஸ் (அச்சில் உருகிய எஃகின் மேல்மட்டம்) அருகே வெப்பப் பாய்வு சதுர மீட்டருக்கு 2 மெகாவாட் என்று வைத்தால், கடத்துதிறன் 350 உள்ள 20 மி.மீ. தகட்டுக்குக் குறுக்கே 114 டிகிரி வித்தியாசம். தகடு வளைய முடியாமல் பிடித்திருந்தால் முகத்தில் சுமார் 180 எம்.பி.ஏ. கையால் போட்டதும் மாடலில் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தாமிரம் எங்கே வாங்கினாலும் தாமிரம்தான். செங்கல்காரர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

லேடில்_பே

மெனிஸ்கஸில் விரிசல் வருவதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

தாமிரத்தகடு

அதுவும் உண்டு. சூடாக இருக்கும்போது தாமிரம் அமுக்கத்தில் இளகி, கிரீப் (சூட்டில் மெதுவாக நிரந்தரமாக உருமாறுவது) ஆகிக் கொஞ்சம் குறுகிவிடும். காஸ்டிங் நின்று தகடு குளிர்ந்ததும் அதே இடம் இழுவைக்குப் போகும். ஒவ்வொரு தொடர் வார்ப்பிலும் இதே சுற்று, கடைசியில் விரிசல். வெறும் மீட்சிக் கணக்கில் இது சுத்தமாகத் தெரியாது, ஏற்றுக்கொள்கிறேன்.

மெஷ்_கிறுக்கன்

லேடில் செங்கலிலும் அதே சுற்றுதான், அளவு பெரிது. 1,500 டிகிரியில் செங்கலின் முன்பகுதி அமுக்கத்தில் கிரீப் ஆகி நிரந்தரமாகக் குறுகுகிறது. லேடில் காலியாகி உள் முகம் கதிர்வீச்சில் குளிரும்போது, சுருங்கின செங்கலுக்கு நடுவில் இணைப்பு முன்பைவிட அகலமாகத் திறக்கும். அடுத்த ஹீட்டில் அது மூடுவதற்குள் எஃகும் ஸ்லாகும் (எஃகின் மேல் மிதக்கும் கசடு) உள்ளே புகுந்துவிட்டால் இணைப்பு இனி மூடாது.

எனவே முத்து, ஒரு ஹீட்டோடு நிறுத்தாதீர்கள். 150 மி.மீ. செங்கலை வெப்பம் கடக்கவே இரண்டரை மணி நேரம் ஆகும். எஃகு உள்ளே நிற்பது அதைவிடக் குறைவான நேரம். சேஃப்டி லைனிங், இன்சுலேஷன் எல்லாம் சுற்றுக்குப் பழகச் சில ஹீட்கள் பிடிக்கும். நிலையான நிலை என்ற ஒன்று லேடிலுக்குக் கிடையாது.

மெட்டீரியல் மாடலுக்கு: அமுக்கத்துக்கு ட்ரக்கர்–பிரேகர், கிரீப்புக்கு நார்ட்டன்–பெய்லி. ஆஸ்திரியாவில் லியோபன் பல்கலைக்கழகத்தார் இந்தக் கிரீப் மாறிலிகளை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள், தேடினால் கிடைக்கும். இழுவை விரிசலுக்கு முறிவு ஆற்றல் வேண்டும், வெட்ஜ் ஸ்ப்ளிட்டிங் (ஆப்பு செருகிப் பிளக்கும்) சோதனையில் எடுப்பார்கள். அது இல்லையென்றால் இழுவைப் பகுதியைத் தொடாமல், விரிசல் விடக்கூடிய இடத்தை மட்டும் காட்டி நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புக்கரடு

செங்கல் தயாரிப்பிலிருந்து. அந்த 50 ஜிகாபாஸ்கல் பற்றி யாரும் கேட்கவில்லையே! டேட்டா ஷீட்டில் வருவது பெரும்பாலும் ஒலி அல்லது அதிர்வு முறையில், அறை வெப்பநிலையில், புதுச் செங்கலில் எடுத்தது. மேக்னீசியா-கார்பன் செங்கலின் பிணைப்பு ரெசின். சூட்டில் ரெசின் கருகியதும் யங் குணகம் பல மடங்கு விழும். மெதுவாக அமுக்கி அளந்தால் அதைவிடவும் குறைவாகத்தான் வரும். மேலே சூடு ஏறும்போது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கச் சேர்த்த அலுமினியத் தூள் கார்பைடாகவும் ஸ்பினலாகவும் மாறிச் செங்கல் மறுபடி இறுகும், நிரந்தரமாகக் கொஞ்சம் விரியவும் செய்யும். ஒரே எண்ணை 30 முதல் 1,550 டிகிரி வரை இழுத்தால் தப்பான இடத்துக்குத்தான் போவீர்கள்.

விரிவுக் குணகமும் அப்படியே. டைலட்டோமீட்டர் (விரிவை அளக்கும் கருவி) கொடுப்பது அறை வெப்பநிலையிலிருந்து சராசரி. சாஃப்ட்வேர் கேட்பது சராசரியா அந்தந்த வெப்பநிலைக்குரியதா, குறிப்பு வெப்பநிலை எது என்பதைப் பார்த்துக் கொடுங்கள்.

இன்னொரு ஆய்வுக் கட்டுரையிலிருந்து செங்கல் எண்களை அப்படியே எடுப்பதும் வேண்டாம். சேலத்துச் சுண்ணாம்புக்கரட்டு மேக்னசைட்டில் சிலிக்கா அதிகம், அதனால் ஸ்லாக் லைன் (ஸ்லாக் படும் மேல்பகுதி) செங்கலுக்குச் சீனத்து ஃப்யூஸ்டு மேக்னீசியாதான் பெரும்பாலும் வருகிறது. மேக்னீசியா மணியின் தரம், கிராஃபைட் சதவீதம், ரெசின் அளவு, இதில் எது மாறினாலும் எண்கள் மாறும். தாமிரம் தாமிரம்தான் என்று நண்பர் சொன்னார், அந்தச் சுகம் எங்களுக்கு இல்லை.

உலைவாய்

எல்லாரும் படிக்கச் சுவையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு கேள்வி: இவ்வளவு எண் தெரியாத இடத்தில் சிமுலேஷன் எதற்கு? ஸ்லாக் லைனில் செங்கலைத் தின்பது ஸ்லாக், தகைவு அல்ல. நல்ல லைனிங் மேஸ்திரி இருந்தால் லேடில் ஓடும், இல்லையென்றால் ஓடாது.

லேடில்_பே

ஸ்லாக் லைனுக்கு நீங்கள் சொல்வது பெருமளவு சரி. எஃகு விழும் அடிப்பகுதி, வெல் பிளாக்கைச் (எஃகு வெளியேறும் துளைக் கல்) சுற்றி, நடுப் பேரல் (பக்கச் சுவரின் நடுப்பகுதி), இந்த மூன்று இடத்தில் கதை வேறு. அங்கே வெப்ப அதிர்ச்சியும் தகைவும்தான் முக்கியம்.

எங்கள் அனுபவம் ஒன்று. ஆலையின் பெயர் வேண்டாம். எரிபொருள் சிக்கனம் என்று 20 மி.மீ. சாதாரண போர்டை எடுத்துவிட்டு மைக்ரோபோரஸ் போர்டு (நுண்துளைகள் கொண்ட, சூட்டை இன்னும் நன்றாகத் தடுக்கும் போர்டு) போட்டார்கள். தெர்மோகிராஃபியில் (வெப்பப் படத்தில்) ஷெல் 100 டிகிரி இறங்கியது. பெருமையாகப் பிரசன்டேஷன் எல்லாம் நடந்தது. பிறகு பார்த்தால் பேரல் செங்கலின் விளிம்புகள் முன்பைவிடச் சீக்கிரம் பெயர்கின்றன. சப்ளையரைப் பிடித்து உலுக்கினார்கள், செங்கலை மாற்றினார்கள், பெயர்வது நிற்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஷெல் 100 டிகிரி குளிர்ந்தால் அதன் ஆரம் 2 மி.மீ.-க்கு மேல் குறைவாக விரியும். அதே நேரம் இன்சுலேஷனால் செங்கலின் பின்பக்கமும் சேஃப்டி லைனிங்கும் கூடுதலாகச் சூடேறி அதிகம் விரியும். வளையம் இரண்டு பக்கமும் இறுகிவிட்டது. முன்பு மெதுமெதுவென்று நசுங்கி இடம் கொடுத்த பழைய போர்டும் போய்விட்டது. ஷெல்லும் லைனிங்கில் ஒரு பாகம்தான், அதை வெறும் டப்பாவாக நினைத்தால் இப்படித்தான் ஆகும். போதாததற்கு, ஏதாவது இணைப்பில் எஃகு கசிந்தால் உறையும் இடமும் முன்பைவிட வெளியே தள்ளிப்போய்விடுகிறது, அது தனி ஆபத்து.

போர்டு மாற்றுவதற்கு முன்னால் முத்து கட்டுகிற மாடல் ஒன்றை இரண்டு தடவை ஓட்டியிருந்தால் போதும். எண் 60-ஆ 80-ஆ என்பது முக்கியமே இல்லை. இரண்டாவது முதலாவதைவிட மோசம் என்று காட்டியிருக்கும்.

உலைவாய்

ஒப்பிட மட்டும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. "இந்த லேடில் இத்தனை ஹீட் ஓடும்" என்று கலர் படத்தைக் காட்டிச் சொல்பவர்களைத்தான் தாங்க முடிவதில்லை.

மெஷ்_கிறுக்கன்

அதில் நானும் உங்கள் கட்சி. தகைவு மட்டும் வைத்துச் செங்கல் தேர்வு செய்வதும் அதே ரகம். பீங்கான் ஆய்வாளர் ஹாசல்மன் 1969-லேயே காட்டிவிட்டார்: விரிசல் தொடங்காமல் இருக்க அதிக வலிமையும் குறைந்த யங் குணகமும் வேண்டும், தொடங்கிய விரிசல் பரவாமல் இருக்க அதற்கு நேர் எதிர். லேடிலில் விரிசல் எப்படியும் தொடங்கத்தான் போகிறது. அதனால் டேட்டா ஷீட்டில் வலிமை 40-க்குப் பதில் 60 என்று இருந்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை.

முத்து_மெக்

எல்லாருக்கும் நன்றி. அரைச் செங்கல் மாடலுக்கு மாறிவிட்டேன். இடைவெளி 0.15, யங் குணகத்தை வெப்பநிலையோடு மாற்றி 12-லிருந்து 20 ஜிகாபாஸ்கலுக்குள், ட்ரக்கர்–பிரேகர் மட்டும், கிரீப் இன்னும் இல்லை. எஃகு விழுந்த சில நிமிடங்களில் உள் விளிம்பில் 55 எம்.பி.ஏ., தடிமனின் சராசரி 17. ஷெல்லில் 90 சொச்சம். தொடர்பு இருப்பது முன் 45 மி.மீ.-இல் மட்டும். லேடில்_பே சாரின் வரம்புக்குள் வருகிறது.

இரண்டு கேள்வி. இடைவெளியை 0.25 ஆக்கினால் தகைவு வெகுவாகக் குறைகிறது. அப்படியென்றால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாமே? இன்னொன்று, மாடலை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? ஆலைக்குள் எனக்கு அனுமதி ஒரு முறைதான் கிடைக்கும்.

லேடில்_பே

முதல் கேள்வி: கூடாது. பிரீஹீட் முடியும்போது, அதாவது உள் முகம் 1,000 முதல் 1,200 டிகிரியில் இருக்கும்போது, இணைப்பின் முன்பகுதி மூடியிருக்க வேண்டும். மூடாமல் எஃகை ஊற்றினால் தகைவே இருக்காது, ஆனால் எஃகு சேஃப்டி லைனிங்கில் போய் நிற்கும். செங்கல் தளர்ந்து ட்ரனியன் (லேடிலைத் தூக்கும் தண்டு) பக்கம் லேடில் நீள்வட்டமாக வளையும்போது கல் நழுவவும் செய்யும். எனவே நீங்கள் வரைய வேண்டியது இரண்டு கோடு: இடைவெளிக்கு எதிராக உச்சத் தகைவு, இடைவெளிக்கு எதிராக பிரீஹீட் முடிவில் மீதமிருக்கும் திறப்பு. இரண்டும் ஏற்கத்தக்க பகுதி குறுகலாக இருக்கும். எந்த ஆலைக்காரருக்கும் உபயோகமான படம் அதுதான்.

இரண்டாவது: போகும் அன்று தெர்மோகிராஃபிக் கேமரா ஒன்று கிடைத்தால் ஷெல்லின் நடுப் பேரலை டேப்பிங்கிலிருந்து (லேடிலில் எஃகு ஊற்றுவதிலிருந்து) லேடில் காலியாகும்வரை தொடர்ந்து எடுங்கள். வெப்பப் பகுதி அதிலேயே சரிபார்த்துவிடலாம். ஷெல் துருவும் தூசியுமாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், பளபளப்பான தகட்டில் எமிசிவிட்டி ஏமாற்றும். தகைவுப் பகுதிக்கு, ரீலைனிங்குக்கு உடைத்துப் போட்ட பழைய செங்கல் குவியலைக் கேளுங்கள். பேரல் செங்கல் நாலைந்து எடுத்து நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். பக்க முகத்தில் எங்கேவரை அழுந்திப் பளிச்சென்று இருக்கிறது, விரிசல் எத்தனை ஆழத்தில் என்று ஸ்கேல் வைத்து அளக்கலாம். உங்கள் 45 மி.மீ. அங்கே தெரிய வேண்டும்.

சுண்ணாம்புக்கரடு

அறுக்கும்போது தண்ணீர் விடாதீர்கள். அலுமினியத் தூள் கார்பைடாக மாறியிருந்தால் நீர் பட்டதும் பொரிந்து உதிரும், வாடையும் வரும். உலர்வாக வெட்டுங்கள், முகமூடி போட்டுக்கொண்டு. மார்ட்டர் போட்ட வரிசை என்றால் 0.3 இடைவெளிக் கணக்கு செல்லாது; எது உலர் அடுக்கு, எது மார்ட்டர் என்று லைனிங் ட்ராயிங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.